அம்பாசிடரா, பத்மினியா? எங்க வீட்டுப் பஞ்சாயத்து

எங்க குடும்பத்துல ரெண்டு கட்சி உண்டு. நீங்க நினைக்கிற கட்சி இல்லீங்க. அம்பாசிடர் கட்சி, பத்மினி கட்சி. முதல் கட்சிக்குத் தலைவர் பெரியப்பா. திண்டுக்கல்லில் முப்பது வருஷத்துக்கு மேல டாக்ஸி ஓட்டியவர். ரெண்டாவது கட்சிக்குத் தலைவர், பொருளாளர், தொண்டர் எல்லாம் அப்பா ஒருத்தர்தான். பொங்கல், தீபாவளி, காதுகுத்து, கல்யாணம், எங்க கூடினாலும் இலையில சாம்பார் விழறதுக்கு முன்னாடி இந்தப் பஞ்சாயத்து ஆரம்பிச்சிடும்.

அப்பா 2019-ல் போய்ச் சேர்ந்துட்டார். பெரியப்பாவுக்கு எண்பதைத் தாண்டியாச்சு, இப்போ ஸ்டியரிங் தொடுறதில்லை. ரெண்டு வண்டியும் ஊரில் எங்க பழைய வீட்டு ஷெட்டில் பக்கத்துப் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்துச்சு. போன மாசம் பெரியப்பா பையன், எனக்கு அண்ணன் முறை, போன் பண்ணினார். "தம்பி, ஷெட்டுல பாதிய இடிச்சுட்டு அந்தப் பக்கம் வீடு எடுத்துக் கட்டப் போறேன். இனிமே ஒரு வண்டிக்குத்தான் இடம். எதை வச்சுக்கிறது, எதைக் குடுக்கிறதுன்னு நீயே சொல்லிடு. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவருக்கு ரெண்டும் ஒண்ணு. எனக்கு அப்படியா? ஒண்ணு அப்பாவோடது. அதனால பாசத்தை ஓரமா வச்சுட்டு, பேப்பர் பேனா எடுத்து நியாயமா ஒரு ஒப்பீடு போட்டுப் பார்ப்போம்னு உட்கார்ந்தேன். அதுதான் இந்தப் பதிவு. கொசுவத்தி கொஞ்சம் சுத்தும், நடுவுல கணக்குப் பாடமும் வரும். கணக்கு அலர்ஜி உள்ளவங்க நேரா கொடைக்கானலுக்குப் போயிடலாம் :)

முதல்ல ரெண்டு பேரோட ஜாதகம்.

அம்பாசிடர் கல்கத்தா பக்கத்துல உத்தர்பாராவில், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸில் பிறந்தது. தாய்வீடு இங்கிலாந்து. 1956-ல் வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைதான் இதோட மூலம். 1950-களின் கடைசியில் இங்கே வந்து, 2014 மே மாசம் உற்பத்தி நிற்கிற வரைக்கும் மூஞ்சியில கொஞ்சம் பவுடர், கொஞ்சம் பொட்டு மாத்தினாங்களே தவிர உடம்பு அதேதான்.

பத்மினி பம்பாய் குர்லாவில், பிரீமியர் ஆட்டோமொபைல்ஸில் பிறந்தது. தாய்வீடு இத்தாலி. 1953-ல் வந்த ஃபியட் 1100-ன் வம்சம். இங்கே 1964-ல் 'ஃபியட் 1100 டிலைட்', அப்புறம் 'பிரீமியர் பிரெசிடென்ட்', 1974-ல் இருந்து 'பிரீமியர் பத்மினி'. சித்தூர் ராணி பத்மினியோட பேரு. ஆனா எங்க ஊர்ல கடைசி வரைக்கும் அதுக்குப் பேரு 'ஃபியட்டு'தான்.

ரெண்டுமே 1950-கள் சரக்கு. ரெண்டுமே மோனோகாக் பாடி, அதாவது தனியா சேஸிஸ் கிடையாது. "அம்பாசிடர் சேஸிஸ் மாதிரி வருமா"ன்னு யாராவது உங்ககிட்ட அளந்தா, சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க.

இப்போ எஞ்சின். எங்க வீட்டு வண்டிகளையே எடுத்துக்கறேன். பெரியப்பாவோடது மார்க் 4 பெட்ரோல், 1489 சி.சி. அப்பாவோட பத்மினி 1089 சி.சி. ரெண்டும் நாலு சிலிண்டர். கேட்லாக்குக்குக் கேட்லாக் ஒண்ணு ரெண்டு கூடும் குறையும். ரவுண்டா அம்பாசிடருக்கு 50 குதிரைசக்தி, பத்மினிக்கு 40-னு வச்சுக்குவோம்.

"பாத்தியா, பத்துக் குதிரை ஜாஸ்தி!" இது பெரியப்பா.

"அண்ணே, பத்துக் குதிரையும் அந்த ஒடம்பத் தூக்கவே செத்துப் போகும்ணே!" இது அப்பா.

அப்பா சொன்னதுல பாதி உண்மை. அம்பாசிடரோட எடை 1,100 கிலோவைச் சுத்தி. பத்மினி 900-ஐ ஒட்டி. வகுத்துப் பாருங்க. அம்பாசிடருக்கு டன்னுக்கு 45 குதிரை சொச்சம். பத்மினிக்கு டன்னுக்கு 44, 45. அவ்வளவுதான்! முப்பது வருஷமா சாப்பாட்டுப் பந்தியில நடந்த சண்டை, கால்குலேட்டர்ல சமன்ல முடிஞ்சிருச்சு. இதை அப்பா இருக்கும்போதே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தா எத்தனை சாம்பார் சூடா உள்ளே போயிருக்கும்!

அப்போ ஓட்டினவங்க எல்லாரும் பத்மினிக்குத்தான் பிக்கப்புன்னு ஏன் சொல்றாங்க? காரணம் எஞ்சினோட குணம். அம்பாசிடர்ல பிஸ்டன் மேலயும் கீழயும் போற தூரம் 89 மில்லிமீட்டர். பத்மினியில 75. நீளமா கால் எடுத்து வச்சு நிதானமா நடக்கிற ஆள் அம்பாசிடர். கிட்டக் கிட்ட கால் வச்சு ஓடுற ஆள் பத்மினி. அதனால பத்மினி எஞ்சின் சுத்தச் சுத்த உற்சாகமாகும். அம்பாசிடரை அப்படி விரட்டினா கத்தும், வேகம் வராது. ஆனா கீழ் ஆர்.பி.எம்-ல இழுவைன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அதுல அம்பாசிடர் சுமார் 100 நியூட்டன் மீட்டர். பத்மினி எழுபது சொச்சம்தான். தேர்ட் கியர்ல ஆமை வேகத்துல போய்க்கிட்டு இருந்தாலும் கியர் மாத்தாம கிளம்பி வருமே, அந்த ரகசியம் இதுதான்.

இந்த ரெண்டு குணமும் மோதிக்கிட்ட நாள் ஒண்ணு உண்டு. 1988 மே மாசம். எனக்குப் பத்து வயசு. மொத்தக் குடும்பமும் கொடைக்கானல் கிளம்பினோம். வத்தலக்குண்டு தாண்டி மலை அடிவாரத்துல டீ குடிக்கும்போது கட்சித் தகராறு முத்தி, "யார் முதல்ல ஏரிக்குப் போறாங்கன்னு பாத்துடுவோம்"னு ஆயிடுச்சு. அம்மாவும் பெரியம்மாவும் தலையில அடிச்சுக்கிட்டாங்க.

எங்க பத்மினியில அப்பா, அம்மா, நான், தங்கச்சி. அவ்வளவுதான். பெரியப்பா வண்டியில அவரு, பெரியம்மா, பாட்டி, அத்தை, மாமா, சித்தப்பா, பிள்ளைங்க மூணு பேர். மேல கேரியர்ல பாய், போர்வை, புளியோதரை அண்டா. அம்பாசிடர்ல ஒன்பது பேர்னா அந்தக் காலத்துல யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க.

நாங்கதான் ஜெயிச்சோம். ஊத்து தாண்டும்போதே பின்னாடி அம்பாசிடரைக் காணோம். நான் ஜன்னல் வழியா தலையை நீட்டி ஊஊன்னு கத்திக்கிட்டே வந்தேன். ஏரிக்கரையில வண்டிய நிறுத்தி இருபது நிமிஷம் கழிச்சுத்தான் பெரியப்பா வந்தார். வழியில ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்த ஒரு நிறுத்தம் வேற. அப்பா பேனட் மேல சாஞ்சு நின்னு, வாழ்க்கையில அதுவரைக்கும் நான் பார்க்காத ஒரு சிரிப்பு சிரிச்சார்.

பெரியப்பா இறங்கி வந்து துண்டால முகத்தைத் தொடச்சுக்கிட்டே ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். "அதெல்லாம் சரிப்பா தம்பி. நீ என்னத்த ஏத்திக்கிட்டு வந்த?"

அப்பா பதில் சொல்லலை. நாங்க எல்லாரும் அதைத் தோத்தவன் பேச்சுன்னு சிரிச்சோம். இத்தனை வருஷம் கழிச்சு இப்போதான் அந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

பத்மினியில ரெண்டு பெரியவங்க, ரெண்டு பிள்ளைங்க, ஒரு பெட்டி. மொத்தம் 200 கிலோ. வண்டியோட சேர்த்து 1,100. டன்னுக்கு 36 குதிரை. அம்பாசிடர்ல ஆறு பெரியவங்க, மூணு பிள்ளைங்க, கேரியர் சாமான். குறைஞ்சது 550 கிலோ. வண்டியோட சேர்த்து 1,650. டன்னுக்கு 30 குதிரை. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். கார்பரேட்டர் வண்டிக்கு ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் மாதிரி சக்தி குறையும்னு சொல்வாங்க, அது ரெண்டுக்கும் பொது. ஆக அப்பா ஜெயிச்சதுல ஆச்சரியமே இல்லை.

இப்போ லோடை மாத்திப் போடுங்க. எங்க நாலு பேர் அம்பாசிடர்ல போயிருந்தா டன்னுக்கு 38. அந்த 550 கிலோவைப் பத்மினியில ஏத்தியிருந்தா (ஏத்த முடியாது, சும்மா ஒரு பேச்சுக்கு) டன்னுக்கு 27, 28. அதாவது அன்னைக்கு ஜெயிச்சது பத்மினி இல்லை. நாலு பேர். தோத்தது அம்பாசிடர் இல்லை. ஒன்பது பேரும் ஒரு அண்டா புளியோதரையும். பெரியப்பா கேட்டது சரியான கேள்வி. அதை நாங்க சிரிச்சே அமுக்கிட்டோம்.

அதுக்காக அப்பா கட்சிய அப்படியே கவுத்துடவும் முடியாது. இறங்குறப்ப நிலைமை தலைகீழ். ரெண்டு வண்டிக்கும் நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக்தான். 1,650 கிலோவை மலையிலேருந்து இறக்குறப்ப பிரேக் வாங்குற சூடு, 1,100 கிலோவை இறக்குறதை விட ஒன்றரை மடங்கு. அதனாலதான் பெரியப்பா எந்தக் கியர்ல ஏறினாரோ அந்தக் கியர்லதான் இறங்குவார். பிரேக்ல காலை வச்சு அழுத்திக்கிட்டே இருக்கிற புது டிரைவரைக் கண்டா அவருக்கு ஆகாது. "பிரேக்கு நிறுத்துறதுக்குடா, எறக்குறதுக்கு இல்ல"ம்பார். இன்னைக்கும் நான் மலையிறங்கும்போது அந்தக் குரல் காதுல கேட்கும்.

ஓட்டுற சுகத்துலயும் பத்மினிக்குத்தான் என் ஓட்டு. முன்பக்கம் விஷ்போனும் காயில் ஸ்பிரிங்கும், கைக்கு அடக்கமான உடம்பு, நாலு மீட்டருக்குக் கொஞ்சம் குறைஞ்ச நீளம். சந்துக்குள்ள விட்டாலும் வெளிய வந்துடும். அம்பாசிடர் 4.3 மீட்டர். வேடிக்கை என்னன்னா, பேப்பர்ல பார்த்தா ஸ்டியரிங் விஷயத்துல அம்பாசிடர்தான் முன்னேறினது. ரேக் அண்ட் பினியன். பத்மினியில பழைய காலத்து வார்ம் அண்ட் ரோலர். ஆனா முன்னாடி இருக்கிற எடைக்கு, பவர் ஸ்டியரிங் இல்லாம நிறுத்தின இடத்துல அம்பாசிடரைத் திருப்பிப் பார்த்தவங்களுக்குத் தெரியும் தோள்பட்டை படுற பாடு. பெரியப்பாவுக்கு வலது தோள் இன்னைக்கும் முழுசா மேல தூக்க வராது. கேட்லாக்கில் 'ரேக் அண்ட் பினியன்'னு இருக்கும். தோள்பட்டை பத்தி ஒண்ணும் இருக்காது.

அடுத்தது பெட்ரோல். அப்பா எல்லாத்துக்கும் நோட்டுப் போடுற ஆள். அவர் நோட்டுப்படி பத்மினி லிட்டருக்கு 12, 13. பெரியப்பா கணக்கு வாயாலதான், ஆனா அம்பாசிடர் ஒன்பதைத் தாண்டினதா அவரே சொன்னதில்லை. இந்த ஒரு வரியில ஒரு சமூகவியல் பாடமே இருக்கு. சொந்தக் காசுல பெட்ரோல் போட்டவங்க, டாக்டர், வாத்தியார், பேங்க் மேனேஜர், பெரும்பாலும் பத்மினி பக்கம் போனாங்க. அரசாங்கம் போட்டதும், ஏறுறவங்க போட்டதும் அம்பாசிடருக்கு. பம்பாய் டாக்ஸிக்காரங்க மட்டும் பத்மினிய வச்சே பொழைச்சாங்க. அங்க சவாரி குறுகலான ரோட்டுல, ரெண்டு மூணு பேரோட. கடைசிப் பத்மினி டாக்ஸிக்கு இருபது வருஷ ஆயுசு முடிஞ்சு 2023 அக்டோபரில் அங்கே விடை கொடுத்தாங்க. கல்கத்தாவில் மஞ்சள் அம்பாசிடர். ரெண்டு ஊருமே அவங்க அவங்க லோடுக்கு ஏத்த மாதிரிதான் வச்சிருந்தாங்க.

இங்க ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லிடறேன். இல்லேன்னா இது வெறும் பழம்பெருமைப் பதிவாப் போயிடும். நாங்க அடிச்சுக்கிட்டதெல்லாம் ரெண்டு கிழவங்களோட ஓட்டப்பந்தயத்துக்காகத்தான். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்துச்சு. 796 சி.சி., மூணே சிலிண்டர், 37 குதிரைக்குப் பக்கம். எடை 650 கிலோ சுமார். டன்னுக்கு 55-க்கு மேல! நாங்க 44-க்கும் 45-க்கும் நடுவுல ரத்தம் சிந்திக்கிட்டு இருந்தப்ப ஒரு சின்னப் பையன் ஹாரன் அடிச்சுட்டு ரெண்டு பேரையும் தாண்டிப் போயிட்டான். போட்டியே இல்லாத சந்தை. அம்பாசிடர், ஃபியட், நம்ம மெட்ராஸ் தயாரிப்பு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இந்த மூணை விட்டா ஜனங்களுக்குப் பெருசா வேற வழி கிடையாது. பணத்தைக் கட்டிட்டு வருஷக்கணக்குல காத்திருக்கணும். அப்படி இருக்கும்போது எவன் மெனக்கெட்டு நல்ல பிரேக் வைப்பான்? "அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா"ன்னு உருகுறவங்க இதையும் சேர்த்து நினைச்சுக்கணும். நான் உருகுறதில்லை. ஆனா பிடிக்கும். ரெண்டும் வேற வேற.

சரி, தீர்ப்பு.

ரெண்டு வண்டிய ஒப்பிடுறவங்க பொதுவா காலி வண்டியத்தான் ஒப்பிடுறாங்க. எத்தனை குதிரை, எத்தனை சி.சி., எத்தனை வேகம். ஆனா காலி வண்டி எங்கேயும் போறதில்லை. எத்தனை பேர் ஏறுறாங்க, எந்த ரோட்டுல, பெட்ரோல் யார் காசு, இதைக் கேட்காம போடுற எந்த ஒப்பீடும் என் வரைக்கும் மொக்கைதான். இதை 1988-ல் ஏரிக்கரையில ஒரு டாக்ஸி டிரைவர் ஒரே வரியில கேட்டுட்டார். ஓட்டுறவனுக்குப் பத்மினி. ஏறுறவங்களுக்கு அம்பாசிடர். இதுதான் என் தீர்ப்பு.

அப்போ ஷெட்டுல எது? என் மனசு பத்மினி பக்கம்தான் சாய்ஞ்சிருந்துச்சு. ஸ்டியரிங்ல அப்பா கை பட்டுப் பட்டு ஒரு இடம் வழவழன்னு ஆயிருக்கும், அங்க கை வச்சாலே ஒரு மாதிரி இருக்கும். ஆனா நம்ம தீர்ப்புப்படி கேட்க வேண்டிய கேள்வி, இனிமே இதுல யார் ஏறப் போறாங்க என்பதுதான். பதில்: அம்மா, பெரியப்பா, பெரியம்மா. வருஷத்துக்கு நாலு தடவை குலதெய்வம் கோயில், ரெண்டு கல்யாணம்.

போன வாரம் ஊருக்குப் போனப்ப அம்மாவைப் பத்மினியில ஏறச் சொன்னேன். ஒரு காலை உள்ள வச்சுட்டு, கதவைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னாங்க. அப்புறம், "முட்டி மடங்கலடா. உங்கப்பா இருக்கும்போதே இதுல ஏற எனக்குக் கஷ்டம்தான். சொன்னா மூஞ்சி சுருங்கிடுமேன்னு சொல்லல"ன்னாங்க. அம்பாசிடர் பின் கதவைத் திறந்தேன். திரும்பி நின்னு, நாற்காலியில உட்கார்ற மாதிரி உட்கார்ந்துட்டாங்க. பத்மினியோட உயரம் 1.47 மீட்டர் மாதிரி, அம்பாசிடர் 1.6-ஐ ஒட்டி. அந்த அரை அடிக்கும் குறைஞ்ச வித்தியாசம் எங்க வீட்டுப் பஞ்சாயத்துல ஒரு நாளும் வந்ததே இல்லை. ஏன்னா பஞ்சாயத்துல பேசினவங்க எல்லாரும் டிரைவர் சீட்டு ஆளுங்க.

அம்பாசிடர் இருக்கட்டும்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். 2014 வரைக்கும் தயாரிச்ச வண்டி, பத்மினி 2000-த்தோட நின்னு போனது. அந்தக் கணக்குல ஸ்பேர் பார்ட்ஸுக்கும் கொஞ்சம் சௌகரியம். பழைய வண்டிய வச்சுக்கிறதுன்னா சும்மா இல்லை. பதினஞ்சு வருஷம் தாண்டின காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கிற கட்டணமே 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாய்க்கு எகிறியது. ரெண்டு வண்டிக்கும் சேர்த்துக் கட்ட என்னால ஆகாது.

பத்மினியைக் காயலான் கடைக்குப் போடலை. எங்க ஊர்லயே பட்டறை வச்சிருக்கிற ஒரு சின்னப் பையன், இருபத்தஞ்சு வயசு இருக்கும், ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டு இருந்தான். அவன் ஒண்டியா ஓட்டுவான், கூடப் போனா பொண்டாட்டி. டன்னுக்குப் பாத்தீங்கன்னா நாப்பதுக்குக் கிட்ட வரும். அப்பா கட்சிக்கு ஏத்த தொண்டன்.

பெரியப்பாகிட்ட விஷயத்தைச் சொன்னேன். ஜெயிச்சுட்டோம்னு சிரிப்பார்னு நினைச்சேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "அவன் வண்டிக்கு அன்னைக்கு நெசமாவே நல்ல பிக்கப்புடா. நானும் நாலு பேரோட போயிருந்தாலும் அந்தத் திருப்பத்துல அவன முந்தியிருக்க முடியாது"ன்னார்.

கணக்குப்படி அது தப்பு. நான் திருத்தலை.

டிஸ்கி: உங்க வீட்டுல எந்தக் கட்சி? ஹெரால்டு கட்சிக்காரங்க யாராவது இருந்தா தைரியமா கைய தூக்குங்க, ஆட்டோ எல்லாம் அனுப்ப மாட்டேன் :)